ராக்கு வணக்கம் சொல்லும் நேரம்

செவல்குளத்தில் டிவி ஸ்டேஷன் இருந்தது என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சைக்கிள் கடை மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில், ஜன்னலில் சாக்கு அடித்து, ஒரு பழைய கல்யாண வீடியோ கேமரா, ஒரு ஹாலஜன் விளக்கு, ஒரு மர நாற்காலி, சுவரில் நீலத் துணி, அவ்வளவுதான் ஸ்டேஷன். ரேடியோ மெக்கானிக் சங்கையா தொண்ணூற்று மூன்றாம் வருஷம் புரட்டாசியில் அதைத் தொடங்கினார். அதற்கு முன்பே ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குக் கேபிள் ஒயர் இழுத்திருந்தார். அந்த ஒயரிலேயே நம்ம ஊர்ச் செய்தியையும் விட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

தோன்றியதில் தப்பில்லை. செய்ததில்தான் தப்பு. சங்கையாவின் அப்பா வேளார், அய்யனார் கோயில் மண்குதிரை செய்கிறவர். குதிரையைச் சுட்டு, வண்ணம் பூசி, கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசியாகக் கண் திறப்பார். கண் திறக்கும்வரை அது வெறும் மண். திறந்த பிறகு அதன் முன்னால் யாரும் காலை நீட்டி உட்கார மாட்டார்கள். சங்கையா என்ன செய்தார் என்றால், புது யாவாரம், நல்லபடியாகத் தொடங்க வேண்டும் என்று அப்பாவைக் கூட்டிவந்து கேமராவுக்குக் கண் திறக்கச் சொன்னார்.

"மிஷினுக்கெல்லாம் எதுக்குடா? சந்தனம் வச்சு விட்டுரு, போதும்" என்றார் அப்பா.

"எல்லாத்துக்கும் செய்றீகல்ல, எனக்கு மட்டும் வலிக்குதாக்கும்" என்றார் சங்கையா.

கிழவர் கோபத்தோடு கோழி அறுத்து, தூரிகையால் கேமராக் கண்ணாடியைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, நடுவில் ஒரு புள்ளி வைத்துத் துடைத்துவிட்டு, "தொறக்கத்தான் எனக்குத் தெரியும். மூடத் தெரியாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கேமராவில் அப்போதே ஒயர் மாட்டியிருந்தது. அந்த ஒயர் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போனது. இதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

செய்தி வாசிக்க ராக்கு வந்தாள். ராக்காயி என்பது முழுப்பெயர். வயது பதினெட்டு. பத்தாவதில் கணக்கில் இருபத்தொன்று வாங்கிவிட்டு, மறுபடி எழுத மாட்டேன் என்று சொல்லி நின்றவள். அம்மா செங்கல் சூளையில் வேலை. ராக்குவுக்கு நிறமும் கிடையாது, நீளமுடியும் கிடையாது. ஆனால் எழுத்துக் கூட்டாமல் தமிழ் படிப்பாள், யாரைப் பார்த்தும் குரல் தாழாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் பெரியம்மா மகள் இருந்தாள், தை மாதம் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை வாசிக்கிறேன் என்றுதான் ராக்கு மாடி ஏறினாள்.

முதல் நாள் மாலை ஏழு மணிக்கு விளக்கைப் போட்டார்கள். ராக்கு வணக்கம் சொல்லிக் கேமராவைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள் தெரிந்தன. தேன்கூட்டில் அறை அறையாக இருக்குமே, அப்படி, ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம், பாயில் படுத்தவர்கள், சுவரில் சாய்ந்தவர்கள், தட்டைக் கையில் வைத்தவர்கள், எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லா டிவி ஸ்டேஷனிலும் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு ராக்கு வாசிக்க ஆரம்பித்தாள். கண்மாய் மடை திறப்பு, ரேஷனில் சீனி வந்தது, கீழத்தெருவில் காதுகுத்து, சிவப்புப் பசுமாடு ஒன்று காணவில்லை, கொம்பில் நீலப் பெயின்ட். கால் மணி நேரம். கடைசியில் வணக்கம் சொன்னாள், சங்கையா சுவிட்சை அணைத்தார், வீடுகளில் படம் போய்ப் புள்ளி மொய்த்தது.

எட்டாம் நாள் செய்திக்கு நடுவில், "மேலத்தெரு சுப்பக்கா, ஒங்க அடுப்புல பால் பொங்குது, எந்திரிங்க" என்றாள். சுப்பக்கா எழுந்து போய்ப் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து, "இறக்கிட்டேன்த்தா" என்று டிவியைப் பார்த்துச் சொன்னாள். சரி என்று ராக்கு தலையை ஆட்டிவிட்டு மாட்டுச் சந்தை நிலவரத்துக்குப் போனாள்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்க்கிறாள், அவ்வளவுதானே. ஏழு மணிக்கு முன்னால் பெண்கள் முகம் கழுவிப் பவுடர் போட்டார்கள், ஆண்கள் கைலிக்கு மேல் சட்டை மாட்டினார்கள், பிள்ளைகள் டிவிக்கு முன்னால் சம்மணமிட்டு வீட்டுப்பாடம் எழுதி நோட்டைத் தூக்கிக் காட்டினார்கள், விருந்தாளிக்குக் காப்பி கொடுத்தால் டிவி மேலும் ஒரு டம்ளர் வைத்தார்கள், பூட்டுச்சாவி தொலைந்தவர்கள் "நேத்து நீ இங்கதான இருந்த, எங்க வச்சேன்னு பாத்தியா" என்று கேட்டார்கள், தரகர் ஒருவர் மாடி ஏறி வந்து இன்ன வீட்டு மாப்பிள்ளை எப்படி என்று விசாரித்து ராக்குவிடம் செருப்படிப் பேச்சு வாங்கிக்கொண்டு போனார். வெட்கப்பட்ட சில பேர் டிவியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். அது இன்னும் மோசமாகப் போனது. "ஒங்க வீட்டுல நேத்து செவுருல்ல தெரிஞ்சிச்சாம்? என்னத்த மறைக்கிறீக?" என்று குழாயடியில் கேட்டார்கள். செவுரு காட்டின வீடு என்று பெயர் வந்துவிட்டது. அந்த வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள். ஒரு மாதத்தில் எல்லா டிவியும் நேராகத் திரும்பிவிட்டது.

ராக்குவோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் வள்ளிமயில். அவளை உரக்கடை தனுஷ்கோடிக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தனுஷ்கோடி வீட்டு டிவி ஒருநாளும் சுவரைப் பார்த்ததில்லை. ஏழு மணிக்கு அவர் சட்டை போட்டு, தோளில் துண்டு போட்டு, டிவிக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, பொண்டாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "வள்ளி, நல்லாச் சாஞ்சு உக்காரு" என்பார். சிரித்த முகம். நல்ல மனுஷன் என்று ஊருக்கே தெரியும். வள்ளிமயில் மட்டும் ராக்கு வணக்கம் சொல்லப்போகும் நேரத்தில் ஒரு மாதிரிப் பார்ப்பாள். லாரியில் ஏற்றிய ஆடு பார்க்கும் பார்வை.

கார்த்திகையில் ஒருநாள் ராக்கு வணக்கம் சொன்ன பிறகு சங்கையா சுவிட்சை அணைக்க மறந்து பீடி பற்றவைக்கப் போய்விட்டார். வணக்கம் கேட்டதும் தனுஷ்கோடி எழுந்தார். டிவிக்கு முதுகு காட்டி நின்று கைக்கடிகாரத்தைக் கழற்றினார். துண்டை நாலாக மடித்தார். கடிகாரத்தைத் துண்டின் மேல் வைத்து, இரண்டையும் நாற்காலியில் வைத்தார். அவசரமே இல்லை. பிறகு வள்ளிமயிலின் முடியைப் பிடித்தார்.

சங்கையா வந்து அணைத்துவிட்டார்.

"அண்ணே, போடுங்கண்ணே! அந்தாளு அவள அடிக்கிறான்!"

"எந்த ஆளு?"

ராக்கு சொன்னாள். சங்கையா பீடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும்த்தா. நீ செய்திய மட்டும் வாசி" என்றார்.

ராக்கு செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்த் தனுஷ்கோடி வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் திறந்தார். கையில் கடிகாரம் இருந்தது. "அட, டிவி புள்ளையா? வள்ளி தூங்குறாத்தா" என்றார். அக்கம்பக்கத்து வீடுகளில் ஒவ்வொன்றாகக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எல்லாருக்கும் முன்னாடியே தெரியும் என்று அப்போதுதான் ராக்குவுக்குப் புரிந்தது.

மறுநாள் அவள் செய்தியை வாசித்து முடித்தாள். வணக்கம் சொல்ல வாய் வரவில்லை. சிவப்புப் பசுமாடு காணவில்லை என்று இரண்டாம் தடவை வாசித்தாள். பிறகு மூன்றாம் தடவை. காதுகுத்து, சீனி, கண்மாய், மறுபடி பசுமாடு. அந்த மாடு கிடைத்து நாற்பது நாளாகிறது. ஒன்பது மணிவரை வாசித்தாள். தனுஷ்கோடி சிரித்த முகத்தோடு ஒன்பது மணிவரை நாற்காலியில் இருந்து அப்படியே தூங்கிப்போனார். அதன் பிறகுதான் ராக்கு வணக்கம் சொன்னாள், மெதுவாக.

இது ஊருக்குப் பிடித்துவிட்டது. ராக்கு பார்க்கும்வரை குடிகாரன் சத்தம் போடவில்லை, மாமியார் வாய் திறக்கவில்லை, பிள்ளைகள் படித்தார்கள். பெண்கள் கூட்டமாக மாடி ஏறி வந்தார்கள். "இன்னுங் கொஞ்ச நேரம் உக்காருத்தா. ஒனக்கென்ன, சும்மா உக்காந்து பாக்குறதுதான?" என்றார்கள். ஏழு மணி ஆறானது, ஆறு நாலானது, பிறகு காலையிலும் போட்டார்கள், பிறகு கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஊர்ப் பொதுவில் ஜெனரேட்டர் வாங்கிப் போட்டார்கள், பிறகு நிறுத்தவே இல்லை. வாசிக்கச் செய்தி கிடையாது. ராக்கு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஊர் அவளைப் பார்த்தது, அவள் ஊரைப் பார்த்தாள். தை வந்தது. பெரியம்மா மகள் கடிதம் போட்டாள். "பங்குனி வரைக்கும் இரு" என்றார்கள். பங்குனியில் டிவிகளுக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். மேலத்தெரு டிவிகளில் கண்ணாடி புகையேறிக் கறுத்து, அந்த வீடுகள் ராக்குவுக்கு மங்கலாகத் தெரிந்தன.

வேறு ஆளை உட்காரவைக்காமலா இருந்தார்கள்? வைத்தார்கள். சங்கையாவின் பொண்டாட்டி ஒருநாள் உட்கார்ந்தாள். தன் அண்ணன் வீட்டில் தன் அம்மாவுக்கு முந்தாநாள் கஞ்சி ஊற்றுவதைப் பார்த்தாள். இறங்கிப் போனவள் அந்த மாடிப்படிப் பக்கம் திரும்பவே இல்லை. தமிழ் வாத்தியார் ஒருவர் பத்து நிமிஷம் இருந்தார், கால் மரத்துப்போச்சு என்று எழுந்துவிட்டார். யார் உட்கார்ந்தாலும் எல்லா வீடும் தெரியும். அதுதான் கஷ்டம். யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. தான் பார்க்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

ராக்குவுக்கு இமைக்க மறந்தது ஆனியில். அவளுக்கே தெரியாது. சோறு கொண்டுவந்த அம்மாதான் பார்த்தாள்.

"ஏண்டி, கண்ணச் சிமிட்டு."

"சிமிட்டுறேனே."

"இல்லடி. நான் வந்ததுலருந்து சிமிட்டல."

ராக்கு சிமிட்டிப் பார்த்தாள். இமை இறங்கவில்லை. அம்மா நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டாள். சாறு கண்ணில் நிற்காமல் கன்னத்தில் வழிந்தது. தூக்கம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று தெரியாது, ஏனென்றால் தூக்கத்திலும் கண் திறந்திருந்தது. வீடுகளில் இருந்தவர்களுக்கும் தெரியாது. அதனால் எப்போதும் ஒழுங்காக இருந்தார்கள். அவள் கக்கூசுக்குப் போனால் மட்டும் நாற்காலி காலியாகத் தெரியும். அப்போது ஊரே எண்ணும். ஒன்று, இரண்டு, மூன்று. நூறு எண்ணுவதற்குள் வந்துவிடுவாள். தனுஷ்கோடியும் எண்ணினார். ஒருதடவை வயிற்றுக்கு முடியாமல் நூற்று எண்பது ஆகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது தனுஷ்கோடி கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். வள்ளிமயில் பக்கத்து நாற்காலியில் நல்லாச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு கிழிந்திருந்தது.

அதற்குப் பிறகு ராக்கு தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள்.

ஆடியில் அம்மா கீழே நின்று கத்தினாள். "எம்புள்ளைய இறக்கி விடுங்கடா! அவ என்ன சாமியா, செலையா?" கூட்டம் கூடிவிட்டது. யாரும் அம்மாவை வையவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். "அவளுக்கு என்ன கொற வச்சோம்? பழம் வேணுமா, பட்டு வேணுமா?" என்றார்கள். சொல்லிக்கொண்டே மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை. இறங்குவதற்கு வழி இல்லை.

மேலே ராக்குவுக்கு எல்லாம் கேட்டது. அவள் வாயைத் திறந்து, இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சொன்னாள்: "எனக்கு முடியல. கண்ணு காயுது. ஞாயித்துக்கெழம மத்தியானத்தோட எந்திரிச்சுருவேன். நீங்கல்லாம் என்ன வேணா பண்ணிக்கங்க." சொன்ன உடனே ஒரு வீட்டைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தனுஷ்கோடி சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தில் மணி பார்த்தார். வள்ளிமயில் ராக்குவைப் பார்த்தாள். இந்தத் தடவை ஆட்டுப் பார்வை இல்லை. டிவிக்குக் கிட்டே வந்து, கண்ணாடியில் மூக்கு முட்ட, ராக்குவின் கண்ணை ஒன்று மாற்றி ஒன்று உற்றுப் பார்த்தாள். கருவிழியைச் சுற்றி, வெயிலில் காய்ந்த குதிரைப் பொம்மையில் ஓடுவதுபோல, மெல்லிசாக ஒரு கீறல் ஓடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோழிக்குழம்பு வாசம் எந்த வீட்டிலிருந்தும் ராக்குவுக்கு வராது, ஆவி மட்டும் தெரியும். பன்னிரண்டு மணி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் வள்ளிமயிலுக்கு அடி. எழாவிட்டால் தனக்குக் கண் போகும். கணக்கில் இருபத்தொன்று வாங்கியவளுக்கும் இது தெரியும்.

அப்போது வள்ளிமயில் நாற்காலியைவிட்டு எழுந்தாள். சமையலறைக்குப் போவாள் என்று பார்த்தால், போகவில்லை. வாசல் பக்கம் நடந்து, அந்த அறையைவிட்டே மறைந்துபோனாள்.

தனுஷ்கோடி பாதி எழுந்தார். ராக்கு அவரையே பார்த்தாள். அவர் மறுபடி உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. எழுந்து துரத்தினால் ஊர் அறிந்துவிடும். டிவியை அணைத்தால் செவுரு காட்டின வீட்டைவிடக் கேவலம். உட்கார்ந்தே இருந்தார்.

கேமராவுக்குத் தெருத் தெரியாது, வீடு மட்டும்தான் தெரியும். அதனால் வள்ளிமயில் எங்கே போனாள் என்று ராக்குவுக்குத் தெரியவில்லை. கிணற்றுக்கா, தண்டவாளத்துக்கா? பிறகு மாடிப்படியில் சத்தம் கேட்டது. "தள்ளுங்க", "காலை மடக்குங்கத்தே", "ஏன் வழி விட மாட்டீகளோ? அடி வாங்கையில எல்லாக் கதவையும் சாத்துனீகல்ல, இப்ப வழியச் சாத்துறீக." கதவு திறந்தது. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவளைப் பத்து மாதம் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு நேரில் பார்த்தால் ரொம்பக் குட்டையாக இருந்தாள்.

"எந்திரிடி" என்றாள் வள்ளிமயில்.

"எந்திரிச்சா அவரு..."

"தெரியும். எந்திரி. நான் உக்காருறேன்."

"வேணாம்டி. இதுல உக்காந்தா இமைக்க முடியாது."

"அந்த வீட்டுல மூணு வருஷமா நான் எங்கடி இமைச்சேன்?"

ராக்கு எழுந்தாள். ஊரே எண்ண ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு. மூன்று எண்ணுவதற்குள் வள்ளிமயில் உட்கார்ந்துவிட்டாள். கிழிந்த உதடும் கழுத்தில் விரல் தடமும் ஹாலஜன் வெளிச்சத்தில் பளிச்சென்று இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் தெரிந்தன. அவள் மறைக்கவில்லை. வணக்கமும் சொல்லவில்லை. கண்ணாடிக்குள் தேடித் தேடி ஒரு வீட்டைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"கொழம்பு அடுப்புல இருக்கு. எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க" என்றாள்.

ராக்கு இறங்கும்போது படியில் யாரும் இல்லை. எல்லாரும் டிவி பார்க்க வீட்டுக்கு ஓடியிருந்தார்கள். தெருவிலும் ஒரு ஆள் கிடையாது, நாய்கூட நிழலில் படுத்துக்கொண்டது. வெயிலில் அவள் கண்ணில் புழுதி விழுந்தது. உறுத்தியது. அவள் தேய்த்தாள், நீர் வந்தது, இமை மேலும் கீழும் துருப்பிடித்த கதவு மாதிரி அசைந்தது. ஒவ்வொரு தடவையும் ஊர் காணாமல் போய் மறுபடி வந்தது. திருப்பூர் பஸ்ஸுக்கு அம்மா துணிப்பையோடு எதிரே பஸ் ஸ்டாண்டுக்குள் காத்திருப்பாள். ஆனால் ராக்கு நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டு உரக்கடைத் தெரு வழியாகப் போனாள்.

தனுஷ்கோடி வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அவர் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டு, தட்டில் அவரே போட்டுக்கொண்ட சோறு, குழம்பு சிந்திக் கிடந்தது. ஒரு வாய் எடுப்பார், நிமிர்ந்து பார்ப்பார். வள்ளிமயில் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த வாய் எடுப்பார். சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதை எப்படி இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜன்னலில் நிழல் விழுந்ததும் தலையைத் திருப்பாமலே, உதடு அசையாமலே, மெதுவாகக் கேட்டார்:

"ஏத்தா, டிவி புள்ள. எத்தன மணி வரைக்கும் உக்காந்திருப்பா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றாள் ராக்கு. "அவ இப்பத்தான உக்காந்திருக்கா."

"நீ சொன்னா எந்திரிப்பால்ல?" என்று கண்ணை மட்டும் அவள் பக்கம் ஓட்டினார்.

ராக்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டினாள். நல்லாச் சிமிட்ட வந்தது.

"என்னயப் பாக்காதீங்க. அங்க பாருங்க" என்றாள்.

தனுஷ்கோடி அங்கே பார்த்தார்.